பாடலின் பெயரை மாற்ற முடியவில்லையா? கணினி மறுப்பதற்கான காரணங்களும் தீர்வுகளும்

கேசட்டிலும் சிடியிலும் இருந்த பாடல்களைக் கணினிக்கு மாற்றும் வேலையை இப்போது பல குடும்பங்கள் செய்து வருகின்றன. மாற்றி முடித்துப் பார்த்தால் பாதிப் பாடல்களுக்கு 'டிராக் 01', 'டிராக் 02' என்றுதான் பெயர் இருக்கும். பாடியவர் பெயர் வரவேண்டிய இடத்தில் 'அன்னோன் ஆர்ட்டிஸ்ட்' என்றிருக்கும். நாமே சரியான பெயரை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தால், சில கோப்புகளில் கணினி அதை ஏற்பதில்லை. எழுதும் கட்டமே மங்கலாக இருக்கும். அல்லது எழுதிச் சேமித்த பிறகும் பழைய பெயரே திரும்ப வந்து நிற்கும்.

சினிமாப் பாடல் என்றால் பெரிய நஷ்டம் இல்லை. இணையத்தில் தேடினால் பெயரோடும் படத்தோடும் மீண்டும் கிடைத்துவிடும். ஆனால் தோட்டத்துத் திருவிழாவில் பதிவு செய்த உறுமி மேளம், பஜனைக் குழுவின் பாட்டு, கல்யாண வீட்டு நலங்கு, பாட்டி பாடிய தாலாட்டு போன்றவை வேறெங்கும் கிடைக்காது. மேரு, காப்பார், கிள்ளான் வட்டாரங்களில் தோட்டத்தை விட்டுத் தாமான்களுக்குக் குடிவந்த குடும்பங்கள் பலவற்றில் இப்படி ஒரு பெட்டி கேசட்டாவது இருக்கும். அதில் பாடுவது யார் என்று குரலைக் கேட்டுச் சொல்லக்கூடிய பெரியவர்கள் இருக்கும்போதே பெயரை எழுதிவைக்க வேண்டும். இல்லையென்றால் இன்னும் சில ஆண்டுகளில் அந்தக் குரல் வெறும் 'டிராக் 07' ஆகிவிடும்.

கணினி மறுக்கிறதே என்று கோப்பை அழிப்பதோ, பென்டிரைவை ஃபார்மட் செய்வதோ தேவையில்லை. பெரும்பாலும் பாட்டில் எந்தக் கோளாறும் இருக்காது. எங்கோ ஒரு பூட்டு விழுந்திருக்கும். அது எந்தப் பூட்டு என்று கண்டுபிடிப்பது எப்படி என்பதை வரிசையாகப் பார்ப்போம்.

டேக் என்பது என்ன?

பாட்டுக் கோப்புக்குள் பாடலின் பெயர், பாடியவர், ஆல்பம், ஆண்டு போன்றவற்றை எழுதிவைக்கும் பகுதிக்குத்தான் 'டேக்' என்று பெயர். கேசட் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் அட்டையைப் போன்றது இது. கோப்பின் பெயர் வேறு, டேக் வேறு. கோப்பின் பெயரை மாற்றினாலும் உள்ளே இருக்கும் டேக் மாறாது. கைப்பேசியும் கார் ரேடியோவும் பெரும்பாலும் டேக்கில் உள்ளதைத்தான் திரையில் காட்டும்.

எம்பி3 முறையை உருவாக்கியபோது பாடலின் பெயரை எழுத அதில் இடமே ஒதுக்கவில்லை. 1996-இல் எரிக் கெம்ப் என்பவர் கோப்பின் கடைசியில் 128 பைட் அளவில் ஒரு சிறு பகுதியைச் சேர்க்கும் வழியைக் கொண்டுவந்தார். அதற்கு ஐடி3 என்று பெயர். அதில் பாடல் பெயருக்கு 30 பைட், பாடியவருக்கு 30, ஆல்பத்துக்கு 30, ஆண்டுக்கு 4 என்று கணக்காக இடம் இருந்தது. இந்த இடம் போதாததால் இரண்டாம் முறை வந்தது. அது கோப்பின் தொடக்கத்தில் அமரும், நீளத்துக்குப் பெரிய தடை இல்லை, படமும் சேர்க்கலாம். இன்று அதிகம் புழங்கும் 2.3 பதிப்பு 1999-லும், 2.4 பதிப்பு 2000-லும் வெளிவந்தன.

ஆக, ஒரே எம்பி3 கோப்பில் முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றுமாக இரண்டு டேக்குகள் இருக்கலாம். பல குழப்பங்களுக்கு இதுவே மூலம்.

இசை சிடியிலிருந்து எடுத்த பாடல்களுக்கு 'டிராக் 01' என்று பெயர் வருவதற்குக் காரணம் வேறு. பெரும்பாலான இசை சிடிகளில் பாடல் பெயர் எழுதப்பட்டிருக்காது. கணினி இணையத்தில் உள்ள பட்டியலில் தேடித்தான் பெயரை நிரப்புகிறது. ஒரு கோயிலோ உள்ளூர்க் குழுவோ வெளியிட்ட சிடி அந்தப் பட்டியலில் இருக்க வாய்ப்புக் குறைவு.

டேக்கைத் திருத்துவதால் ஒலியின் தரம் குறையாது. பாட்டின் ஒலி இருக்கும் பகுதியை அது தொடுவதே இல்லை. எனவே பயப்படாமல் திருத்தலாம்.

முதலில் இந்த ஒரு சோதனை

காரணத்தைத் தேடி அலைவதற்கு முன் இதைச் செய்து பாருங்கள். கணினியின் சி டிரைவில் 'பாட்டு' என்று ஒரு புதிய கோப்புறையை உருவாக்குங்கள். 'மியூசிக்', 'டெஸ்க்டாப்' ஆகிய இடங்கள் வேண்டாம். அது ஏன் என்று பின்னால் சொல்கிறோம். பெயர் மாற முடியாத ஒரு பாடலை அங்கே நகல் எடுங்கள். பாட்டுப் போடும் மென்பொருள்கள் எல்லாவற்றையும் மூடுங்கள். நகலின் மேல் வலது கிளிக் செய்து 'புரோபர்ட்டீஸ்' சென்று, 'ரீட்-ஒன்லி' என்ற கட்டத்தில் சரிக்குறி இருந்தால் எடுத்துவிடுங்கள்.

பிறகு டேக் திருத்தும் மென்பொருள் ஒன்றில் அந்த நகலைத் திறந்து பெயரை மாற்றிச் சேமித்துப் பாருங்கள். விண்டோஸ் கணினிக்கு 'எம்பி3டேக்' இலவசமாகக் கிடைக்கிறது. 'கிட்3' என்ற இலவச மென்பொருள் விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். எதை எடுத்தாலும் அதன் சொந்த இணையப்பக்கத்திலிருந்தே இறக்குங்கள்.

நகலில் பெயர் மாறிவிட்டால் பாட்டுக் கோப்பு நன்றாக இருக்கிறது, அது முன்பு இருந்த இடத்தில்தான் பூட்டு என்று பொருள். நகலிலும் மாறவில்லை என்றால் சிக்கல் கோப்புக்குள்ளேயே இருக்கிறது. இந்த இரண்டில் எது என்று தெரிந்துகொண்டாலே பாதி வேலை முடிந்தது.

நகலில் மாறுகிறது என்றால்

பெரும்பாலோருக்கு இதுதான் நிலைமை. காரணங்கள் பல. அடிக்கடி வருபவற்றை முதலில் பார்ப்போம்.

கோப்பு 'ரீட்-ஒன்லி' ஆக இருப்பது. சிடியிலிருந்தோ வேறொருவர் கணினியிலிருந்தோ வந்த கோப்புகளில் இது சகஜம். புரோபர்ட்டீஸில் அந்தக் குறியை எடுத்தால் போதும். நூறு பாடல்கள் இருந்தால் எல்லாவற்றையும் ஒன்றாகத் தேர்வு செய்து ஒரே முறையில் எடுக்கலாம். ஒன்றைக் கவனிக்கவும். கோப்புறையின் புரோபர்ட்டீஸைத் திறந்தால் 'ரீட்-ஒன்லி' கட்டத்தில் ஒரு சிறு கறுப்புச் சதுரம் தெரியும். அது எல்லாக் கணினியிலும் அப்படித்தான் தெரியும், பூட்டு அல்ல.

கோப்பு வேறொரு மென்பொருளின் கையில் இருப்பது. பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் பெயரை மாற்ற முயன்றால் விண்டோஸ் மறுக்கும். பாட்டை நிறுத்தினால் மட்டும் போதாது. மென்பொருளையே மூட வேண்டும். கோப்புறையின் வலப்பக்கத்தில் 'பிரிவியூ' பகுதி திறந்திருந்தால் அதுவும் கோப்பைப் பிடித்துக்கொள்ளலாம். எது பிடித்திருக்கிறது என்று தெரியாவிட்டால் கணினியை ஒருமுறை மறுதொடக்கம் செய்து, வேறு எதையும் திறக்காமல் முயலுங்கள்.

கோப்பு இருக்கும் பொருளே பூட்டப்பட்டிருப்பது. எழுதி முடித்த சிடியில் உள்ள பாடலுக்குப் பெயர் மாற்ற முடியாது. கணினிக்கு நகல் எடுத்துத்தான் மாற்ற வேண்டும். எஸ்டி கார்டின் ஓரத்தில் ஒரு சிறு தாழ்ப்பாள் இருக்கும். அது 'லாக்' பக்கம் தள்ளியிருந்தால் எதையும் எழுத முடியாது. கைப்பேசியை வயர் மூலம் கணினியில் இணைத்து அதில் உள்ள பாடலை அங்கேயே திருத்தவும் முடியாது. கணினிக்கு எடுத்து, திருத்தி, மீண்டும் கைப்பேசிக்கு அனுப்ப வேண்டும்.

நேற்றுவரை நன்றாக இருந்த பென்டிரைவ் இன்று எதையும் எழுத விடாமல் மறுத்தால் உஷாராகுங்கள். ஆயுள் முடியும் நிலையில் உள்ள சில பென்டிரைவ்கள் தாங்களாகவே 'படிக்க மட்டும்' என்ற நிலைக்குப் போய்விடும். இன்னும் படிக்க முடிகிறதே என்று சும்மா இராமல், அன்றைக்கே அதில் உள்ள எல்லாவற்றையும் வேறு இடத்துக்கு நகல் எடுத்துவிடுங்கள்.

அனுமதி இல்லாமல் இருப்பது. பழைய கணினியின் வன்தட்டைக் கழற்றிப் புதிய கணினியில் மாட்டும்போது இது வரும். பழைய கணினியில் இருந்த பயனருக்கு மட்டுமே அந்தக் கோப்புகள் சொந்தம் என்று விண்டோஸ் நினைக்கிறது. படிக்க முடிகிறது என்றால் புதிய கோப்புறைக்கு நகல் எடுத்தாலே போதும். நகல் உங்கள் பெயருக்கு வந்துவிடும். படிக்கவே விடவில்லை என்றால் கோப்புறையின் புரோபர்ட்டீஸில் 'செக்யூரிட்டி', அதில் 'அட்வான்ஸ்ட்', அதில் 'ஓனர்' என்ற இடத்துக்குப் போய் உங்கள் பயனர் பெயரைக் கொடுக்க வேண்டும். இதற்குக் கணினியின் நிர்வாகியாக நுழைந்திருக்க வேண்டும்.

விண்டோஸின் பாதுகாப்பு தடுப்பது. 2017-ஆம் ஆண்டு முதல் விண்டோஸ் 10-இல் 'கன்ட்ரோல்ட் ஃபோல்டர் அக்சஸ்' என்ற வசதி இருக்கிறது. கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ்களைத் தடுக்க வந்தது அது. அதை இயக்கி வைத்திருந்தால், 'மியூசிக்', 'டாக்குமெண்ட்ஸ்' போன்ற கோப்புறைகளில் அறிமுகமில்லாத மென்பொருள் எதுவும் எழுத முடியாது. எம்பி3டேக் போன்றவையும் சில சமயம் அதில் மாட்டிக்கொள்ளும். சோதனைக்கு 'மியூசிக்' கோப்புறை வேண்டாம் என்று சொன்னது இதனால்தான். 'விண்டோஸ் செக்யூரிட்டி' பகுதிக்குப் போய், அந்த ஒரு மென்பொருளுக்கு மட்டும் அனுமதி கொடுத்தால் போதும். பாதுகாப்பு முழுவதையும் அணைத்துவிட வேண்டாம்.

கோப்பு கணினியிலேயே இல்லாமல் இருப்பது. 'ஒன்டிரைவ்' இயங்கும் கணினிகளில் 'டெஸ்க்டாப்', 'டாக்குமெண்ட்ஸ்' போன்றவை இணையச் சேமிப்போடு இணைந்திருக்கலாம். கோப்பின் பக்கத்தில் மேகத்தின் படம் தெரிந்தால் அது இன்னும் இணையத்தில்தான் இருக்கிறது. வலது கிளிக் செய்து எப்போதும் இந்தக் கணினியில் வைத்திருக்குமாறு தேர்வு செய்து, முழுவதும் இறங்கிய பிறகு திருத்துங்கள்.

இடம் போதாமல் இருப்பது. டேக் கோப்பின் தொடக்கத்தில் இருப்பதால், நீளமான பெயரோ படமோ சேர்க்கும்போது முழுக் கோப்பையும் திரும்ப எழுத வேண்டி வரலாம். பென்டிரைவ் நிறைந்திருந்தால் அது நடக்காது. அதேபோல் கோப்புறைக்குள் கோப்புறை என்று அடுக்கிக்கொண்டே போய், மொத்தப் பாதையின் நீளம் 260 எழுத்துகளைத் தாண்டினாலும் விண்டோஸில் பல மென்பொருள்கள் சேமிக்க மறுக்கும்.

பிழைச் செய்தியில் நீண்ட எண் ஒன்று வந்தால் அதையும் பாருங்கள். 80070005 என்றால் அனுமதி இல்லை. 80070020 என்றால் வேறொரு மென்பொருள் கோப்பைப் பிடித்திருக்கிறது. 80070013 என்றால் பென்டிரைவோ கார்டோ எழுத முடியாதபடி பூட்டப்பட்டிருக்கிறது.

நகலிலும் மாறவில்லை என்றால்

இப்போது கோப்பையே ஆராய வேண்டும்.

முதலில் அது எந்த வகைக் கோப்பு என்று பாருங்கள். கேசட்டிலிருந்து கணினிக்கு மாற்றும்போது பலரும் 'வேவ்' வகையில் சேமிக்கிறார்கள். ஒலி தரமாக இருக்கும். ஆனால் விண்டோஸின் 'டீடெய்ல்ஸ்' பக்கத்தில் அதற்குப் பெயர் எழுத முடியாது. இது கோளாறு அல்ல, அந்த வகையின் இயல்பு. எம்பி3டேக்கில் வேவ் கோப்புக்கு டேக் எழுதலாம் என்றாலும், எல்லாக் கருவிகளும் அதைப் படிக்கும் என்று சொல்ல முடியாது. நல்ல வழி, வேவ் கோப்பை அப்படியே பத்திரமாக வைத்துக்கொண்டு அதிலிருந்து 'ஃபிளாக்' வகையில் ஒரு நகல் எடுப்பது. ஃபிளாக்கில் ஒலி துளியும் குறையாது, கோப்பும் சிறியதாகும், தமிழில் டேக் எழுதுவதற்கும் தடை இல்லை. கைப்பேசிக்கும் காருக்கும் தனியாக எம்பி3 எடுத்துக்கொள்ளலாம்.

வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பும் குரல் பதிவுகளும் எம்பி3 அல்ல. அவற்றுக்கும் விண்டோஸின் சொந்தப் பக்கத்தில் பெயர் எழுத முடியாது. தனி மென்பொருள் தேவை.

அடுத்து, பெயர் ஒன்றும் உள்ளே வேறொன்றுமாக இருக்கலாம். வீடியோவிலிருந்து பாட்டு எடுத்துத் தரும் சில இணையப்பக்கங்கள் எம்பி3 என்று பெயர் போட்டு எம்4ஏ வகைக் கோப்பைக் கொடுத்துவிடும். கேட்கும்போது வித்தியாசம் தெரியாது. டேக் எழுதும்போதுதான் மாட்டிக்கொள்ளும். 'மீடியாஇன்ஃபோ' என்ற இலவச மென்பொருளில் கோப்பைத் திறந்தால் உண்மையான வகை தெரிந்துவிடும். கோப்புப் பெயரின் கடைசியில் புள்ளிக்குப் பிறகு வரும் எழுத்துகளை அதற்கேற்ப மாற்றினால் டேக் எழுத வழி பிறக்கும்.

கோப்பு சேதமாகியும் இருக்கலாம். கேசட்டிலிருந்து நேராகப் பென்டிரைவில் பதியும் சிறு கருவிகள் கடைகளில் கிடைக்கின்றன. பதிவை நிறுத்துவதற்கு முன் பென்டிரைவைப் பிடுங்கினால் கோப்பு அரைகுறையாக நின்றுவிடும். தரவு செல்லாது என்று விண்டோஸ் சொல்வது பெரும்பாலும் இந்த மாதிரி நேரத்தில்தான். இதற்கு மூன்று படிகள் உண்டு. மூன்றையும் நகலில் மட்டும் செய்யுங்கள்.

முதல் படி, எம்பி3டேக்கின் 'எடிட்' பட்டியலில் 'டேக் கட்' கொடுத்துப் பழைய டேக்கை வெட்டியெடுத்து, உடனே 'டேக் பேஸ்ட்' கொடுத்துப் புதிதாக ஒட்டுவது. சேதம் டேக்கில் மட்டும் இருந்தால் இதிலேயே சரியாகிவிடும். இரண்டாம் படி, 'ஃபூபார்2000' என்ற இலவச மென்பொருளின் 'யுடிலிட்டீஸ்' பகுதியில் உள்ள 'ரீபில்ட் எம்பி3 ஸ்ட்ரீம்' வசதியைப் பயன்படுத்துவது. மூன்றாம் படி, கோப்பு இன்னும் பாடுகிறது என்றால் அதை ஃபிளாக்காக மாற்றுவது. கோப்பு பெரிதாகும், ஆனால் இருக்கும் ஒலி மேலும் கெடாது. எம்பி3-ஐ மீண்டும் எம்பி3 ஆகவே மாற்றினால் ஒவ்வொரு முறையும் ஒலி கொஞ்சம் தேயும். குடும்பப் பதிவுகளுக்கு அதைச் செய்யாதீர்கள்.

ஸ்பாட்டிஃபை, யூடியூப் மியூசிக் போன்ற செயலிகளுக்குள் இறக்கிவைத்த பாடல்கள் சாதாரணக் கோப்புகள் அல்ல. அந்தச் செயலி மட்டுமே அவற்றைப் படிக்கும். அவற்றின் பெயரை நாம் மாற்ற முடியாது.

மாற்றியாகிவிட்டது, ஆனால் பழைய பெயரே தெரிகிறது

எம்பி3டேக்கில் புதிய பெயர் தெரிகிறது. கைப்பேசியிலோ காரிலோ பழைய பெயர் வருகிறது. இதற்கு இரண்டு காரணங்கள்.

ஒன்று, கோப்பில் உள்ள இரண்டு டேக்குகளில் நீங்கள் ஒன்றை மாற்றியிருக்கிறீர்கள், அந்தக் கருவி மற்றதைப் படிக்கிறது. சில கோப்புகளில் 'ஏப்' என்ற மூன்றாவது டேக் ஒன்றும் ஒளிந்திருக்கும். எம்பி3டேக்கின் 'டூல்ஸ்', 'ஆப்ஷன்ஸ்', 'டேக்ஸ்', 'எம்பெக்' என்று போனால் எதைப் படிப்பது, எதை எழுதுவது, எதை நீக்குவது என்று மூன்று வரிசைகள் இருக்கும். எழுதும் வரிசையில் ஐடி3 இரண்டாம் முறையை மட்டும் வைத்து, 2.3 பதிப்பையும் யூடிஎஃப்-16 முறையையும் தேர்வு செய்யுங்கள். நீக்கும் வரிசையில் மூன்றையும் குறியிடுங்கள். பிறகு மேலே சொன்ன வெட்டி ஒட்டும் வேலையைச் செய்தால் கோப்பில் ஒரே ஒரு டேக் மிஞ்சும். 2.4 பதிப்பு புதியது என்றாலும் விண்டோஸ் 7 போன்ற பழைய கணினிகளும் பல கார் ரேடியோக்களும் அதைச் சரியாகப் படிப்பதில்லை. 2.3 பாதுகாப்பான தேர்வு.

இன்னொன்று, கருவியின் ஞாபகம். கைப்பேசியில் உள்ள செயலிகள் பாடல் பட்டியலை ஒருமுறை படித்துச் சேமித்துக்கொள்ளும். பழைய கோப்பை அழித்து, கைப்பேசியை அணைத்துப் போட்டு, புதிய கோப்பை ஏற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

தமிழ் எழுத்து சிதைந்தால்

தமிழில் எழுதுபவர்களுக்கு வரும் சிக்கல் இது. எழுத்து எப்படிச் சிதைந்திருக்கிறது என்பதைப் பார்த்தே காரணத்தைச் சொல்லிவிடலாம்.

கட்டம் கட்டமாகத் தெரிந்தால் கவலை வேண்டாம். எழுத்து கோப்பில் சரியாக இருக்கிறது. அந்தக் கருவியில் தமிழ் எழுத்துரு இல்லை, அவ்வளவுதான். பல கார் ரேடியோக்கள் இப்படித்தான். காருக்கென்று தனி நகல் எடுத்து, அதில் மட்டும் ஆங்கில எழுத்தில் பெயர் போடுங்கள். மூல நகலில் தமிழே இருக்கட்டும்.

தலையில் கோடும் புள்ளியும் போட்ட ஐரோப்பிய எழுத்துகளாகத் தெரிந்தால், யூனிகோட் தமிழைக் கருவி தவறான முறையில் படிக்கிறது என்று பொருள். எம்பி3டேக்கில் 'கன்வர்ட் கோட்பேஜ்' என்ற செயலால் பல சமயம் மீட்டுவிடலாம். ஆங்கில எழுத்துகள் அர்த்தமில்லாமல் வரிசையாக வந்தால், அது பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்ததாக இருக்கலாம். யூனிகோட் பரவலாகும் முன் தமிழுக்குப் பல குறியீட்டு முறைகள் இருந்தன. நம் நாட்டில் முத்து நெடுமாறன் 1985-இல் தொடங்கிய முரசு அஞ்சலும் அந்தக் காலத்திலிருந்தே வருவது. பழைய குறியீட்டில் உள்ள பெயரை நகல் எடுத்து, 'என்எச்எம் கன்வெர்ட்டர்' போன்ற மாற்றியில் போட்டு யூனிகோடாக்கி, மீண்டும் டேக்கில் ஒட்டலாம்.

வரிசையாகக் கேள்விக்குறிகள் வந்து, எந்தக் கருவியில் பார்த்தாலும் அப்படியே இருந்தால், எழுத்து போய்விட்டது. தமிழ் தெரியாத முறையில் சேமித்தபோது ஒவ்வோர் எழுத்துக்கும் பதிலாகக் கேள்விக்குறியே எழுதப்பட்டுவிட்டது. அதை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. திரும்பத் தட்டச்சு செய்யத்தான் வேண்டும். அதனால்தான் நூற்றுக்கணக்கான பாடல்களை ஒரே நேரத்தில் மாற்றுவதற்கு முன், ஒன்றை மாற்றி, மூடி, மீண்டும் திறந்து பார்க்கச் சொல்கிறோம்.

பெயர் பாதியில் வெட்டுப்பட்டால் அது 1996-ஆம் ஆண்டு முறையின் வேலை. யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட் தேவை; புள்ளிக்கும் கொம்புக்கும் தனித்தனியாக 3 பைட். 30 பைட்டில் பத்துக் குறியீடுகள்தான் அடங்கும். 'மாரியம்மன் தாலாட்டு' என்று எழுதினால் 'மாரியம்மன்' என்பதோடு இடம் தீர்ந்துவிடும். தமிழில் பெயர் வைக்க நினைப்பவர்கள் பழைய முறையை அடியோடு விட்டுவிடுவதே நல்லது.

மேக் கணினி வைத்திருப்பவர்கள்

மேக்கில் கோப்பைத் தேர்வு செய்து 'கெட் இன்ஃபோ' திறந்தால் 'லாக்ட்' என்ற கட்டம் இருக்கும். அதில் குறி இருந்தால் எடுங்கள். அதே பக்கத்தின் அடியில் உங்களுக்கு எழுதும் அனுமதி இருக்கிறதா என்றும் பாருங்கள். விண்டோஸ் கணினியில் பயன்படுத்திய வெளி வன்தட்டு 'என்டிஎஃப்எஸ்' முறையில் இருந்தால் மேக் அதைப் படிக்கும், எழுதாது. பாடல்களை மேக்குக்கு நகல் எடுத்த பிறகே திருத்த முடியும்.

தோட்டத்துப் பதிவுகளுக்கு என்ன எழுதுவது?

சினிமாப் பாடலுக்குப் படத்தின் பெயரை ஆல்பத்திலும், பாடியவரை ஆர்ட்டிஸ்டிலும், இசையமைப்பாளரைக் 'கம்போசர்' கட்டத்திலும் எழுதினால் போதும். ஒரே இசையமைப்பாளர் பெயரை ஒவ்வொரு பாட்டிலும் ஒவ்வொரு விதமாக எழுதினால் கருவி அவரை நான்கு பேராகப் பிரித்துக் காட்டும். ஒரே எழுத்துமுறையைப் பின்பற்றுங்கள்.

குடும்பப் பதிவுகளுக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாக எழுத வேண்டும். பாடல் பெயர் தெரியாவிட்டால் முதலடியை எழுதலாம். பாடியவரின் முழுப்பெயரை எழுதுங்கள். 'தாத்தா' என்று மட்டும் எழுதினால் அடுத்த தலைமுறைக்கு எந்தத் தாத்தா என்று தெரியாது. ஆல்பம் கட்டத்தில் தோட்டத்தின் பெயரும் நிகழ்ச்சியும் வரட்டும். 'காமெண்ட்' கட்டத்தில் யார் பதிவு செய்தது, எந்தக் கேசட், எந்தப் பக்கம், உறுமியும் தப்பும் அடித்தவர்கள் யார் என்று நினைவில் உள்ளதை எழுதுங்கள்.

ஆண்டு நிச்சயமாகத் தெரியவில்லை என்றால் ஊகித்து எழுதாதீர்கள். 2.3 பதிப்பில் ஆண்டுக் கட்டம் நான்கு இலக்கத்துக்கு மட்டுமே. 'ஏறக்குறைய 1980களில்' என்று காமெண்ட் கட்டத்தில் எழுதிக்கொள்ளலாம். ஊகமாக எழுதிய ஆண்டைப் பின்னால் வருகிறவர்கள் உண்மை என்றே எடுத்துக்கொள்வார்கள்.

டேக் எழுதவே முடியாத கோப்பாக இருந்தால், இப்போதைக்கு அந்த விவரத்தைக் கோப்பின் பெயரிலேயே போட்டுவையுங்கள். பாடியவர், பாடல், தோட்டம் என்று ஒரே வரிசையில், நடுவில் சிறு கோடு போட்டு எழுதுங்கள். பிறகு எம்பி3டேக்கின் 'கன்வர்ட்' பகுதியில் கோப்புப் பெயரிலிருந்து டேக்கை நிரப்பும் வசதியால் எல்லாவற்றையும் ஒரே முறையில் ஏற்றிவிடலாம். அதே விவரத்தை ஒரு நோட்டுப் புத்தகத்திலும் எழுதி வைத்தால் இன்னும் நல்லது.

இன்னொரு வழியும் உண்டு. 1902-இல் பிரெட் கைஸ்பெர்க் கல்கத்தாவில் கௌஹர் ஜானின் பாட்டைப் பதிவு செய்தபோது, இசைத்தட்டு ஜெர்மனியின் ஹனோவர் நகரில்தான் அச்சாக வேண்டியிருந்தது. அங்கே இருப்பவர்களுக்கு யார் பாட்டு என்று தெரிய வேண்டும் என்பதற்காக, பாட்டு முடிந்ததும் பாடகியே தம் பெயரை ஆங்கிலத்தில் சொல்லி முடிப்பார். பெரியவர்களோடு உட்கார்ந்து கேசட் கேட்கும்போது இதையே நாமும் செய்யலாம். பாடியவர் யார், எந்தத் தோட்டம், என்ன திருவிழா என்று அவர்களையே சொல்லச் சொல்லிக் கைப்பேசியில் பதிவு செய்து, அதைப் பாட்டுக் கோப்புகளுடன் ஒரே கோப்புறையில் வையுங்கள். டேக் அழிந்தாலும் அந்தக் குரல் சாட்சியாக இருக்கும்.

கடைக்குக் கொண்டுபோகும் முன்

நீங்களே சரிசெய்ய முடியாமல் கணினிக் கடைக்கு எடுத்துப் போக நேர்ந்தால் நான்கு விஷயங்களை மறவாதீர்கள்.

எல்லாப் பாடல்களையும் வேறொரு வன்தட்டிலோ பென்டிரைவிலோ நகல் எடுத்துவிட்டுப் போங்கள். ஃபார்மட் செய்ய வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். பென்டிரைவைச் செருகியதும் ஃபார்மட் செய்யச் சொல்லிக் கணினி கேட்டாலும் 'கேன்சல்' கொடுத்து நிறுத்துங்கள். பிழைச் செய்தி வந்த திரையைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு போனால் கடைக்காரருக்குக் காரணம் சீக்கிரம் புரியும்.

நான்காவது, கணினிக்கு மாற்றிவிட்டோம் என்று கேசட்டை எறிந்துவிடாதீர்கள். கோப்பு கெட்டால் மீண்டும் பதிவு செய்ய அது ஒன்றுதான் மூலம். ஈரமும் வெயிலும் படாத இடத்தில், மேலே பெயர் எழுதி ஒட்டி, எடுத்து வையுங்கள்.